உயரம்தான் கடிகாரம்: வீட்டில் நீர்த்துளிப் படம் எடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பதினோராம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மூன்று படங்கள் வேண்டியிருந்தன. துளி தண்ணீரில் விழுந்ததும் சுற்றிலும் எழும் கிரீடம், அப்புறம் நடுவிலிருந்து கிளம்பும் நீர்த்தண்டு, அந்தத் தண்டின் தலையில் அடுத்த துளி வந்து மோதி விரியும் குடை. அவளிடம் இருந்தவை 24 மெகாபிக்ஸல் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு டிரைபாட், மேசை மேல் ஒரு எல்இடி பல்பு. போட்டோ தெரிந்த ஒருவர் ஷட்டரை 1/4000-க்கு ஏற்று என்று சொல்லியிருக்கிறார். ஏற்றினாள். வந்த படங்களில் துளி ஒரு கீறல் மாதிரி இழுத்துக்கொண்டு தெரிந்தது. ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 6400 வரை போயும் படம் இருட்டு, எங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஒரு படம் சற்று வெளிச்சம், அடுத்தது மங்கல். கிரீடம் ஒன்றில்கூட இல்லை.

அந்தப் படங்களிலிருந்து தொடங்கி மூன்றும் கையில் வந்தது வரை என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இதை முயன்று பார்த்துக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் இதே இரண்டு இடங்களில்தான் நிற்கிறார்கள். ஒன்று, அசைவை உறைய வைப்பது எது என்பது. இன்னொன்று, சரியான நொடியில் எப்படிப் பிடிப்பது என்பது. இரண்டுக்கும் பதில் விலை உயர்ந்த கருவியில் இல்லை.

இழுபடுவது எங்கிருந்து வந்தது

துளி விழுந்த உயரம் 45 செ.மீ. அங்கிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் வரும். ஷட்டர் 1/4000 வினாடி திறந்திருந்தால் அதற்குள் முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இது சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் அவள் எடுத்த படத்தின் அகலத்தில் அடங்கிய இடமே 9 செ.மீ.தான். அதில் 6000 பிக்ஸல் பரவியிருக்கிறது என்றால் மில்லிமீட்டருக்கு 66 பிக்ஸல். ஆக, துளியின் ஓரம் 50 பிக்ஸல் அளவுக்கு இழுபட்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கி அளந்து பார்த்தோம், கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது.

வெளிச்சம் ஏறி இறங்கியதற்குக் காரணம் எல்இடி பல்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி பல்புகள் பல வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/4000 வினாடி மட்டும் பார்க்கிற கேமராவுக்குத் தெரியும். அது மங்கலில் பார்த்தால் மங்கல், பிரகாசத்தில் பார்த்தால் பிரகாசம்.

சரி, ஃபிளாஷைப் போடு என்றேன். அவள் கேட்ட கேள்வி நியாயமானது.

“மாமா, ஃபிளாஷைப் போட்டா கேமரா 1/200-க்கு மேல போகவே மாட்டேங்குது. 1/4000-லயே நிக்காத துளி இதுல எப்படி நிக்கும்?”

“ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தா என்னம்மா? இருட்டுல திறந்திருந்தா எதுவும் பதியாது. வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கோ அவ்வளவுதான் படம்.”

இதைச் சொல்லி நம்ப வைப்பதைவிடக் காட்டிவிடுவது எளிது. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு) எஃப்/11, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/160 என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த அறையிலேயே படம் சுத்தக் கறுப்பாக வந்தது. அறையின் வெளிச்சம் அந்தப் படத்தைத் தொடவே இல்லை. இனி அதில் எது பதிந்தாலும் அது ஃபிளாஷ் பதித்ததுதான். நீர்த்துளி எடுக்க உட்காரும் எவரும் முதலில் இந்தக் கறுப்புப் படத்தை எடுத்துவிட வேண்டும். அது கறுப்பாக இல்லையென்றால் துளியைச் சுற்றி ஆவி போல ஒரு மங்கல் நிழல் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது ஃபிளாஷின் நேரம். கேமராவின் தலையில் மாட்டும் சாதாரண ஃபிளாஷ் முழுச் சக்தியில் அடித்தால் அந்த வெளிச்சம் தோராயமாக 1/1000 வினாடி நீடிக்கும். துளி அதற்குள் 3 மி.மீ. ஓடிவிடும். அதாவது 1/4000 ஷட்டரைவிட மோசம். ஆனால் சக்தியைக் குறைக்கும்போது இந்த ஃபிளாஷ்கள் வெளிச்சத்தை மங்கலாக்குவதில்லை, சீக்கிரமே வெட்டிவிடுகின்றன. உள்ளே இருக்கிற கெபாசிட்டரின் மின்னோட்டத்தை ஒரு மின்னணுச் சுற்று நடுவிலேயே நிறுத்திவிடுகிறது. 1/64 சக்தியில் வெளிச்சம் 1/20,000 வினாடி அளவில் முடிந்துவிடும். துளி நகர்வது 0.15 மி.மீ., பத்து பிக்ஸல். அதனால்தான் இந்த வேலைக்கு ஃபிளாஷைக் குறைத்து வைக்கச் சொல்கிறேன். வெளிச்சம் போதவில்லையென்றால் சக்தியைக் கூட்டக் கூடாது, ஃபிளாஷைக் கிட்டே கொண்டுவர வேண்டும். பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ்கள் பலவற்றில் இது நேர்மாறு. அவற்றில் சக்தியைக் குறைத்தால் நேரம் நீண்டுவிடும். இரவல் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

சில ஃபிளாஷ்களில் ஹை ஸ்பீட் சிங்க் என்று ஒரு வசதி இருக்கும், 1/4000-லும் ஃபிளாஷ் அடிக்கும். நீர்த்துளிக்கு அது கூடாது. அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காமல் ஷட்டர் நகரும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் ஒரு விளக்காகிவிடும், மறுபடி பழைய இழுபடல்தான்.

பாட்டில், தட்டு, காகிதம்

சொட்டுவதற்கு முதலில் ஒரு பாலிதீன் பையில் ஊசியால் குத்தி வைத்திருந்தாள். தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் வேகமும் மாறியது. அதை எடுத்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் புது டிரிப்ஸ் செட் ஒன்றும் சலைன் பாட்டில் ஒன்றும் வாங்கினோம். பயன்படுத்திய செட்டை யாரும் தொடக் கூடாது. புதிதே சல்லிசாகக் கிடைக்கிறது. நோயாளிக்கு ஏற்றும்போது உருட்டிச் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சிறு சக்கரம் நம் வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. பாட்டிலில் குத்தும் முனையில் காற்று புகும் துளை இருக்கிற செட்டாகப் பார்த்து வாங்கினால், காற்று பாட்டிலின் வாயருகே நுழையும். மேலே தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் வாயருகே அழுத்தம் மாறாது. 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மே மாரியாட்டின் பெயரால் வழங்கும் பாட்டிலின் தத்துவம் இதுதான். பாட்டில் காலியாகும் வரை சொட்டு ஒரே சீராக விழுகிறது.

ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் நுனியைக் கேமரா ஸ்டாண்டில் கட்டினோம். ஒரு சிரிஞ்சின் குழலில் சொட்ட விட்டு எண்ணியதில் ஒரு மில்லிக்கு 18 துளி. அப்படியென்றால் ஒரு துளியின் விட்டம் 4.7 மி.மீ. துளியின் பருமனை முடிவு செய்வது நுனியின் சுற்றளவும் திரவத்தின் பரப்பு இழுவிசையும்தான். இதை 1864-இல் தாமஸ் டேட் எழுதியிருக்கிறார். சிறிய துளி வேண்டுமென்றால் மெல்லிய நுனி, அவ்வளவே. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்ந்தாலும் இழுவிசை குறைந்து துளி சிறுத்துவிடும். சரியாக அலசாத பாத்திரத்தால் இது நடந்துவிடுகிறது, கவனம் தேவை.

தண்ணீருக்கு விளிம்பு தாழ்ந்த கறுப்புத் தட்டு. விளிம்பு வரை ததும்ப நிரப்பினால் பாத்திரத்தின் ஓரம் படத்தில் வராது. பின்னால் ஒரு அடி தள்ளி ட்ரேசிங் பேப்பர், அதற்கும் பின்னால் ஃபிளாஷ். ஃபிளாஷை நேராகத் துளியின் மேல் அடித்தால் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்தான் மின்னும். தண்ணீருக்கு நிறம் கிடையாது. பின்னால் இருப்பதைத்தான் அது காட்டும். எனவே ஒளிர வேண்டியது பின்னணிதான். ட்ரேசிங் பேப்பர் மேல் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டினால் தண்ணீர் முழுக்க நீலம். ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். பின்னால் செம்பருத்தி ஒன்றை வைத்தால் துளிக்குள் அது தலைகீழாகத் தெரியும். ஃபிளாஷை மெல்லிய பாலிதீனில் சுற்றி, பிளக் போர்டைத் தரையிலிருந்து எடுத்துத் தூர வைத்தோம். ஃபிளாஷின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், தண்ணீர் தெறிக்கும் மேசையில் அது விளையாட்டில்லை.

ஃபோகஸுக்கு: துளி விழும் இடத்தில் தட்டின் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, அதன் மேல் துளி படுகிற கோட்டைப் பார்த்து மேனுவலாக ஃபோகஸ் செய்து, பிறகு லென்ஸைத் தொடக் கூடாது. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் இது கஷ்டம்தான், ஆனால் 45 செ.மீ. உயரத்தில் ஃபேன் காற்று துளியை ஃபோகஸ் இடத்திலிருந்து தள்ளிவிட்டுப் போகும்.

விரலின் தாமதத்தை அளந்தது

இப்போது படம் கூர்மையாக வந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் துளி இன்னும் காற்றிலேயே இருந்தது, தண்ணீருக்குச் சற்று மேலே. பிள்ளை சலித்துப்போனாள். எனக்கோ அது நல்ல அறிகுறியாகப் பட்டது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்றால் தவறுக்கு ஓர் அளவு இருக்கிறது.

அளப்பதற்குப் போனே போதும். ஸ்லோ மோஷனில் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிற போன் ஒன்றைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அவள் படமெடுப்பதையே படமெடுத்தோம். துளி நுனியை விட்டுப் பிரிந்த ஃபிரேமிலிருந்து தண்ணீரைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணினால் 73. அதாவது 0.304 வினாடி. 45 செ.மீ.க்குக் கணக்கும் அதையே சொல்கிறது. தொட்டதிலிருந்து தண்டு உச்சிக்கு வர இன்னும் 20 ஃபிரேம், 0.083 வினாடி. கிரீடம் தொட்ட இரண்டு மூன்று ஃபிரேமுக்குள் எழுந்து முடிந்துவிடுகிறது. துளி பிரிவதைப் பார்த்து அவள் பட்டனை அழுத்தி ஃபிளாஷ் அடிக்கும் வரை சராசரியாக 68 ஃபிரேம், 0.283 வினாடி. கண் பார்த்து விரல் அசைய ஐந்தில் ஒரு வினாடிக்கு மேல், மிச்சம் கேமராவின் கண்ணாடி தூக்கித் திறக்கிற நேரம்.

ஆக, துளி விழ 0.304, ஃபிளாஷ் அடிப்பது 0.283. ஃபிளாஷ்தான் முந்துகிறது. விரலைத் தாமதிக்கச் சொல்லலாம், ஆனால் “கொஞ்சம் பொறுத்து அழுத்து” என்பது எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாது. மாற்றக்கூடியது விரல் இல்லை, பாட்டில். ஃபிளாஷ் அடிக்கும் நேரத்தில் தண்டு உச்சியில் நிற்க வேண்டுமென்றால், துளி அதற்கு முன்பே, 0.07 வினாடி முன்னதாக, தண்ணீரைத் தொட்டிருக்க வேண்டும் (உயரம் குறைந்தால் தண்டும் சற்றுக் குட்டையாகும், உச்சிக்குச் சீக்கிரம் வரும்). விழ எடுக்க வேண்டிய நேரம் 0.213 வினாடி. அதற்கு உயரம் 22 செ.மீ. நுனியை 22 செ.மீ.க்கு இறக்கினோம். விரலும் அதேதான், கேமராவும் அதேதான். தண்டுகள் வரத் தொடங்கின.

இந்த வழி எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஆர்தர் மேசன் வொர்திங்டன் என்கிற ஆங்கிலேய இயற்பியலாளர். நாம் படமெடுக்கிற இந்த நீர்த்தண்டுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1870-களின் நடுவில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் துளி தெறிப்பதையே ஆராய்ந்தார். இருட்டறையில் ஒரு துளியை விழவிடுவார். அதே கணத்தில் பக்கத்தில் ஒரு சிறு உருண்டையையும் விழவிடுவார். இரண்டையும் மின்காந்தம் ஒரே நேரத்தில் விடுவிக்கும். உருண்டை கீழே போய்த் தட்டும்போது ஒரு மின்பொறி பாயும், அந்தப் பொறியின் வெளிச்சத்தில் தெறிப்பு ஒரு கணம் தெரியும். உருண்டை விழும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் பொறி கொஞ்சம் தாமதமாக வரும். மில்லிவினாடி காட்டும் கடிகாரம் மேசை மேல் இல்லாத காலத்தில் அவர் உயரத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டார். ஒரு ஸ்கேல் இருந்தால் ஆயிரத்தில் ஒரு வினாடியை அளந்துவிடலாம் என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

முதல் இருபது ஆண்டு அளவுக்கு அவரிடம் இதைப் பிடிக்க கேமரா இல்லை. பொறியில் பார்த்தது கண்ணில் தங்கியிருக்கும்போதே கையால் வரைந்தார். வரைந்தவை அழகாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தன. 1894-இல் புகைப்படத்தில் பிடித்தபோதுதான் உண்மையான தெறிப்புகள் கோணலும் மாணலுமாக இருப்பது தெரிந்தது. பழைய குறிப்புகளிலும் கோணலான வரைபடங்கள் இருந்ததை அவரே எடுத்துச் சொன்னார். அவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கியிருந்தார். 1908-இல் சுமார் 200 படங்களோடு தன் வேலையை முழுதாக வெளியிட்டார். கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்த கிரீடத்தை ஒதுக்கப் போனவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தப் படமும் பலகையில் ஏறியது. ஏறவேண்டிய படம்தான் அது.

தண்டைப் பிடிப்பது எளிதானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உச்சியில் தண்டு ஏறுவதை நிறுத்தி இறங்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் அதன் வேகம் பூஜ்யத்துக்குப் பக்கம். தண்ணீருக்கு மேல் அது தெரிகிற நேரமும் பல பத்து மில்லிவினாடி. கிரீடத்துக்கு இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. அதற்கு எதிர்வினையை நம்பாமல் சீரை நம்பினோம். வினாடிக்கு ஒரு துளி என்று சக்கரத்தை வைத்துவிட்டால், துளியைப் பார்த்து அழுத்த வேண்டியதில்லை. தாளம் போடுகிறவர் அடி வந்தபின் கை தட்டுவதில்லையே, அடியோடு சேர்ந்துதானே தட்டுகிறார். அவள் பாட்டு கற்றவள், இதை உடனே பிடித்துக்கொண்டாள். பார்த்து அழுத்தும்போது படத்துக்குப் படம் நேரம் நிறையச் சிதறியது, தாளத்தில் அழுத்தியபோது சிதறல் பாதியாகக் குறைந்தது.

ஒரு படத்தைக் கிட்டத்தில் பார்த்தால்

இந்தக் கட்டத்தில் எடுத்த படங்களில் ஒன்றை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய துளி ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு செ.மீ. தள்ளி, கடுகு அளவில் இன்னொரு துளி.

“குழாய் ஒழுகுது மாமா. எல்லாப் படத்துலயும் இந்தக் குட்டித் துளி இருக்கு” என்றாள்.

குழாய் ஒழுகவில்லை. நுனியில் தொங்கும் துளி கனம் தாங்காமல் இறங்கும்போது அதற்கும் நுனிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கழுத்து நீள்கிறது. அந்தக் கழுத்து முதலில் கீழ்ப்பக்கம் அறுகிறது, உடனே மேல்பக்கமும் அறுகிறது. நடுவில் மிஞ்சிய இழை சுருண்டு குட்டித் துளியாகிறது. மெல்லிய நீர்க்கம்பி ஒன்று அதன் சுற்றளவைவிட நீளமாகிவிட்டால் நிற்காது, மணி மணியாகப் பிரிந்துவிடும். பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ இதைக் கண்டார், அடுத்து ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கணக்காக்கினார். தண்டின் தலையில் மணி பிரிவதும் இதே காரணத்தால்தான். பள்ளியில் பரப்பு இழுவிசை என்று ஒரு பத்தியில் படித்ததை அவள் தன் கையால் எடுத்த படத்தில் பார்த்தாள். கண்காட்சிக்கு வேண்டிய மூன்று படங்களைவிட இதுதான் எனக்குப் பெரிது.

பெரிய துளியும் நாம் ஓவியத்தில் வரைகிற மாதிரி மேலே கூராக இல்லை. சில படங்களில் நெல்லிக்காய் போல உருண்டை, சிலவற்றில் மேலும் கீழும் அமுங்கியது, சிலவற்றில் நெட்டுவாக்கில் நீண்டது. கழுத்து அறுந்த அதிர்வில் துளி ஆடிக்கொண்டே விழுகிறது. 4.7 மி.மீ. துளி வினாடிக்கு 33 முறை அளவில் ஆடும். 45 செ.மீ. விழுவதற்குள் பத்து ஆட்டம். எந்த உருவில் தண்ணீரைத் தொடுகிறது என்பது உயரத்தைப் பொறுத்து மாறும், தெறிப்பும் அதற்கேற்ப மாறும். ஒரு செ.மீ. ஏற்றி இறக்கினால் படம் வேறாவது இதனால்தான்.

தண்ணீருக்குப் பதில் பால் துளியை விழவிட்டுத் தண்டைப் படமெடுத்தால் இன்னொரு விஷயம் தெரியும். தண்டு தட்டின் தண்ணீரால் ஆனது, தெளிவாக இருக்கும். அதன் தலையில் மட்டும் வெள்ளை. குழிக்குள் போன துளியே மறுபடி தண்டின் உச்சியில் ஏறி வருகிறது.

கிரீடத்துக்கு ஆழம் கூடாது. ததும்ப நிறைந்த தட்டில் கிரீடம் தாழ்வாகவே வந்தது. கறுப்புத் தட்டில் இரண்டு மி.மீ. மட்டும் பால் ஊற்றி, அதே பாலையே சொட்ட விட்டபோது சுவர் நேராக எழுந்து, விளிம்பில் முத்துகள் வரிசையாக நின்றன. அமெரிக்காவின் எம்ஐடியில் வேலை செய்த ஹெரால்ட் எட்ஜர்டன் 1930-களிலிருந்து எடுத்த பால் துளிப் படங்களிலும் இதுதான் வழி. சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கிரீடமாக உலகம் பார்த்த அவரது வண்ணப் படம் 1957-இல் எடுக்கப்பட்டது. பால் இதற்கு ஏன் பொருந்துகிறது என்றால், அது ஒளியைத் தன்னூடே விடாமல் சிதறடிக்கிறது. அதனால் முன்பக்கத்திலிருந்தே ஃபிளாஷ் அடிக்கலாம், சுவரின் மெல்லிய வரிகள்கூடத் தெரியும்.

குடை

மூன்றாவது படத்துக்குத்தான் கை போதவில்லை. முதல் துளி எழுப்பிய தண்டு நிற்கும்போதே இரண்டாவது துளி அதன் தலையில் விழ வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி பத்தில் ஒரு வினாடிக்குப் பக்கம். சக்கரத்தைத் திறந்து அவ்வளவு வேகமாகச் சொட்ட விடலாம். எப்போதாவது ஒரு குடை தானாகவும் வந்தது. ஆனால் அந்த வேகத்தில் சொட்டு சீராக இருப்பதில்லை. ஒரு துளி பிரிந்த அதிர்வு அடங்குமுன் அடுத்தது பிரிவதால் இடைவெளி தாறுமாறாகிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் ராபர்ட் ஷா சொட்டும் குழாயை ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கே எடுத்துக்காட்டாக வைத்து 1984-இல் எழுதியிருக்கிறார். மெதுவாகச் சொட்டும்போது கைகொடுத்த தாளம் இங்கே உடைந்துவிடுகிறது. துளியைத் தானாக விழ விடாமல் நாம் விடவேண்டும்.

சென்னை போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் மின்சாரத்தால் திறந்து மூடும் 12 வோல்ட் சோலினாய்டு வால்வு ஒன்று, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஒன்று, ஃபிளாஷை இயக்க ஒரு ஆப்டோகப்ளர் (நேரடி மின் இணைப்பில்லாமல் ஒளியால் சைகை கடத்துவது), வால்வைத் திறந்து மூட மின்சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட், வால்வின் சுருளுக்குக் குறுக்கே போட ஒரு டையோடு வாங்கிவந்தோம். டையோடை விட்டுவிடக் கூடாது. வால்வை அணைக்கும்போது அதன் சுருளிலிருந்து பின்னோக்கி வரும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். ஆப்டோகப்ளரும் அவசியம். பழைய ஃபிளாஷ்களில் சிலவற்றின் டிரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், நேராக இணைத்தால் ஆர்டுயினோ போய்விடும். துளியைக் கண்டுபிடிக்க லேசரும் எல்டிஆரும் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உணரி) வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எல்டிஆர் விழித்துக்கொள்ளவே பல மில்லிவினாடி எடுக்கும், வைப்பதென்றால் போட்டோடிரான்ஸிஸ்டர்தான். வால்வு இருக்கும்போது அதுவும் தேவையில்லை. துளி எப்போது கிளம்பியது என்பது நமக்கே தெரியும்.

கேமராவின் ஷட்டர் தாமதத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். அறையை முழுக்க இருட்டாக்கி, கேமராவை இரண்டு வினாடி திறந்து வைத்து, அந்த இரண்டு வினாடிக்குள் ஆர்டுயினோ துளிகளை விட்டு ஃபிளாஷை அடிக்கும். சார்ஜரின் சிறு பச்சை விளக்குகூடப் பதியும் என்பதால் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப். வொர்திங்டனின் இருட்டறை இதுதான், பொறிக்குப் பதில் ஃபிளாஷ், உருண்டைக்குப் பதில் ஒரு வரி நிரல்.

உயரத்தை மறுபடி 45 செ.மீ.க்கு ஏற்றினோம். தண்டு உயரமாக வேண்டும், விரலின் தாமதம் இனி பிரச்சினை இல்லை. வால்வு 35 மில்லிவினாடி திறப்பு, 95 மில்லிவினாடி கழித்து மறுபடி திறப்பு. மோதிய கணத்திலிருந்து 8 மில்லிவினாடி கழித்து ஃபிளாஷ் அடித்தபோது தட்டையான குடை வந்தது. 15-இல் அடித்தால் குடையின் ஓரம் தொங்கி, விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் பிரியத் தொடங்கியிருந்தன. இந்த எண்கள் எங்கள் வால்வுக்கும் எங்கள் பாட்டிலுக்கும் உரியவை. வேறொருவர் இதே எண்களைப் போட்டால் அப்படியே வராது. 95-ஐ ஐந்து ஐந்தாக ஏற்றியும் இறக்கியும் தண்டின் தலையைத் தேட வேண்டும். மற்றவற்றை அதுவரை தொடக் கூடாது.

வெறும் தண்ணீரில் குடையின் தகடு சீக்கிரம் கிழிந்தது. கொஞ்சம் கெட்டியாக்கினால் முழுதாக விரிந்து நிற்கிறது. இதற்குச் சிறந்தது குவார் பசை, கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு அரைத் தேக்கரண்டி, நன்றாகக் கலக்கி இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். வடிகட்டாத கட்டி ஒன்று போதும், வால்வு பாதியில் நின்றுவிடும். வண்ணத்துக்குச் சமையல் கலர். தட்டில் ஒரு நிறம், பாட்டிலில் இன்னொன்று. தண்டு எங்கிருந்து வந்தது, குடை எங்கிருந்து வந்தது என்பது படத்திலேயே தனித்தனியாகத் தெரியும். தண்டு பெரும்பாலும் தட்டின் நிறம், மேலே விரிந்த தகட்டில் பாட்டிலின் நிறம், இரண்டும் சேருமிடத்தில் ஒரு கலங்கல் வளையம்.

மூன்று படங்களும் குட்டித் துளியின் படமும் ஒரு பலகையில் ஏறின. ஒவ்வொன்றின் கீழும் உயரம், நேரம், ஃபிளாஷ் சக்தி மூன்றையும் எழுதச் சொன்னேன், எழுதினாள். இப்போது அவள் முதல் துளியை அப்படியே வைத்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் வால்வு திறக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறாள். துளி பெரிதாகும்போது குடை அகலமாகிறதா, அல்லது தண்டையே அமுக்கிவிடுகிறதா என்பது அவள் கேள்வி. 45 மில்லிவினாடிக்கு மேல் போனால் ஒரு துளிக்குப் பதில் இரண்டாகப் பிரிந்து வருகிறது, அதற்கு நுனியை மாற்ற வேண்டியிருக்கும்.